டாக்டர் ஹூவில் லாஜிக் ஓட்டை கண்டுபிடித்துவிட்டீர்களா? வாதாடக் கிளம்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

2010 மே மாதம் லண்டனில், ஒரு பப்பின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் டாக்டர் ஹூ ரசிகர் கூட்டத்துக்கு முதல்முறையாகப் போனேன். டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி காலத்தில் பயணிக்கும் பிபிசி தொலைக்காட்சித் தொடர் அது. அதன் 'ஃபிளெஷ் அண்ட் ஸ்டோன்' பகுதி அப்போதுதான் ஒளிபரப்பாகியிருந்தது. அதில் சிலை உருவில் வரும் எதிரியான ஒரு கல் தேவதை டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொள்ளும், அவர் அதை அப்படியே கழற்றிவிட்டு ஓடிவிடுவார், அதற்கப்புறம் வெறும் சட்டையோடுதான் சுற்றுவார். ஆனால் காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய பயணத் தோழி ஏமியிடம் திரும்பி வந்து கையைப் பிடித்துப் பேசுகிற இடத்தில் மட்டும் பார்த்தால், கோட்டு போட்டிருப்பார்.

நான் விடுவேனா? நடிகர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்க்கக்கூட ஆள் இல்லாத தொடரா இது என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இது தவறில்லை என்று யாராவது காட்டிவிட்டால் மேசையில் இருக்கும் ஒன்பது பேருக்கும் ஒரு சுற்று என் செலவு என்றும் சொல்லிவிட்டேன். ஜூன் 26ஆம் தேதி சீசனின் கடைசிப் பகுதியான 'தி பிக் பேங்' வந்தது. ஏமியிடம் பேசியவர் அந்த நேரத்து டாக்டரே இல்லை, தன் வாழ்க்கை பின்னோக்கிச் சுருள அதன் வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்த பிற்கால டாக்டர். ஜூலைக் கூட்டத்தில் முப்பது பவுண்டுக்கு மேல் பழுத்தது.

புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு அந்த முப்பது பவுண்டாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கதை நிறைய உடையும், பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

1. கையில் இருப்பது ஓட்டைதானா என்று பாருங்கள்

புதியவர்கள் நாலைந்து வேறு வேறு சமாசாரங்களை ஒரே பையில் போட்டு 'லாஜிக் ஓட்டை' என்கிறார்கள். கூட்டத்தில் முதல் கேள்வியே இங்கேதான் வரும்.

கதை தானே போட்ட விதியைத் தானே மீறினால் அது ஓட்டை. 2012இல் வந்த 'தி ஏஞ்சல்ஸ் டேக் மன்ஹாட்டன்' நல்ல உதாரணம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கல் தேவதைகளால் நகர முடியாது என்பது விதி. அப்படியிருக்க, சுதந்திர தேவி சிலை நியூயார்க் நகரத்தின் நடுவே தொம் தொம்மென்று நடந்து வந்து ஒரு ஓட்டல் கட்டடத்தின் பக்கத்தில் நிற்கிறது. வழியில் ஒரு டாக்ஸி டிரைவர்கூட தலையைத் தூக்கிப் பார்க்கவில்லையா? சிலை செம்பால் ஆனதாயிற்றே, கல் இல்லையே என்றும் கேட்பார்கள், ஆனால் அதற்கு ஒட்டுப்போட்டுவிடலாம், அதாவது ஒரு விளக்கம் சொல்லி அடைத்துவிடலாம்: தேவதையின் உருவத்தைத் தாங்கும் எதுவும் தேவதையாகிவிடும் என்று 2010இலேயே ஒரு வசனம் உண்டு. நடந்து வந்ததற்குத்தான் உருப்படியான ஒட்டு எதையும் நான் இன்னும் கேட்கவில்லை.

இரண்டு கதைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் அது முரண். டாக்டரின் வயதை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் 450 என்கிறார், 1987இல் 953 என்கிறார், 2005இல் தொடர் திரும்பி வந்தபோது 900 என்கிறார். எனக்குத் தெரிந்த சில அத்தைகளும் இப்படித்தான். இதை ஓட்டை என்று கொண்டுவராதீர்கள், ஏனென்றால் 2013 ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையில் அவரே ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, வயதைப் பற்றிப் பொய் சொல்கிறேனா என்பதே மறந்துபோகிற அளவுக்கு வயதாகிவிட்டது என்கிறார். சண்டை அதோடு முடிந்தது.

2014இல் நிலா ஒரு முட்டை என்று காட்டினார்களே, அது அறிவியல் பிழை. முட்டைக்குள் குஞ்சு வளர்ந்தால் மொத்த எடை எப்படிக் கூடும் என்று தாராளமாகக் கேளுங்கள், ஆனால் வேறு தலைப்பில். 'அந்தக் கதாபாத்திரம் அப்படிச் செய்திருக்க மாட்டார்' என்பது பெரும்பாலும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதன் மறுபெயர்.

2. சீசன் முடிகிறவரை வாயைத் திறக்காதீர்கள்

மேலே சொன்ன கோட்டுக் கதை ஒன்று போதும், ஆனால் அதே சீசனில் இன்னொன்றும் நடந்தது. 2008இல் டாலெக்குகள் என்ற வேற்றுக்கிரக எதிரிகள் பூமியையே இடம்பெயர்த்து ஊர் ஊராக வேட்டையாடின, உலகமே பார்த்தது. 2010 ஏப்ரலில் டாலெக்கை நேருக்கு நேர் பார்க்கும் ஏமிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்கள் என்று எங்கள் மேசையில் இரண்டு பேர் குதித்தார்கள். அதுவும் துப்புதான்: காலத்தில் விழுந்த விரிசல் அந்த நிகழ்ச்சிகளை விழுங்கியிருந்தது.

ஆகவே என் கணக்கு இது: கடைசிப் பகுதி ஒளிபரப்பாகி ஒரு வாரம் கழியட்டும். சீசன் நடுவில் சந்தேகம் வந்தால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், ஓட்டை என்று சொல்லாமல் 'இது கவனித்தீர்களா?' என்று மட்டும் கேளுங்கள். அது துப்பாக இருந்து உங்கள் ஊகம் பலித்துவிட்டால் கிடைக்கிற மரியாதையே தனி. முழுப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1976 ஜனவரியில் 'தி பிரெயின் ஆஃப் மோர்பியஸ்' கதையில், அதுவரை நாம் பார்த்த நாலு டாக்டர்களுக்கும் (சாகிற நேரத்தில் அவர் உடம்பு மாறுவார், நடிகரும் மாறுவார்) முந்தைய முகங்கள் போல எட்டு முகங்கள் திரையில் வந்து போயின. அதைக் கதைக்குள் கொண்டுவந்து பொருத்தியது 2020 மார்ச்சில். நாற்பத்து நாலு வருடம்! அவ்வளவு காலம் எல்லாம் காத்திருக்கச் சொல்லவில்லை.

3. ஆதாரத்தை எழுதிக்கொண்டு போங்கள்

எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் உண்டு, எழுபதுகளிலிருந்து பார்க்கிறவர். நான் ஆவேசமாக ஆரம்பித்தாலே கையைக் காட்டி நிறுத்துவார். "தம்பி, எந்தக் கதை, எத்தனையாம் பகுதி, அந்த ஆள் சரியா என்ன சொன்னவர்? முதல் அதைச் சொல்லும்." நினைவிலிருந்து பேசுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பக்கம்: கதையின் பெயர், பகுதி எண், எத்தனையாவது நிமிடம், யார் சொன்னது, சொன்னது சொன்னபடி. சப்டைட்டிலைப் பார்த்து எழுதாதீர்கள், சில இடங்களில் அவசரத்துக்குச் சுருக்கிப் போட்டிருப்பார்கள். காதால் கேட்டு எழுதுங்கள்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, காணாமல் போன பகுதிகள். அறுபதுகளின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு இன்று படம் இல்லை, நாடாக்களை அழித்துவிட்டார்கள். ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த புண்ணியத்தில். ஆகவே வசனத்தை ஆதாரமாகக் காட்டலாம், 'அவர் முகம் அப்போது மாறியது' என்றெல்லாம் சொல்ல முடியாது. சில பகுதிகளுக்குப் பிற்பாடு கார்ட்டூன் படம் வரைந்து சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தில் தெரிகிற பொருளையோ சுவரில் தொங்குகிற தாளையோ ஆதாரமாக நீட்டினால் சிரித்துவிடுவார்கள், அது பல பத்தாண்டு கழித்து வேறொருவர் வரைந்தது.

இரண்டாவது, நாவல்கள். பழைய கதைகள் பெரும்பாலும் சின்னப் புத்தகங்களாக வந்திருக்கின்றன, படிக்க அருமையாக இருக்கும், ஆனால் திரையில் நடந்ததும் அதில் உள்ளதும் ஒன்றல்ல. 1964இல் வந்த முதல் டாலெக் நாவலில், பள்ளி ஆசிரியரான இயன் என்ற பாத்திரம் டாக்டரைச் சந்திப்பது பனிமூட்டத்தில் ஒரு வெட்டவெளியில், கார் விபத்துக்குப் பிறகு. தொலைக்காட்சியில் அவர் மாணவியைப் பின்தொடர்ந்து டாட்டர்ஸ் லேனில் இருக்கும் காயலான்கடைக்குப் போவார். நாவலை மட்டும் படித்துவிட்டு ஒருவர் இதைப் பெரிய முரண் என்று கொண்டுவந்தார். பாவம், அவர் அடுத்த மாதம் வரவில்லை.

மூன்றாவது, பிறர் தொகுத்த 'டாப் 20 ஓட்டைகள்' பட்டியல். ஒருவர் தப்பாக எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதியிருப்பார். மூலத்தைப் பார்க்காமல் எதையும் சொல்லாதீர்கள்.

4. எது கணக்கில் சேரும் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்

இந்தக் கதை செல்லும், இது செல்லாது என்று பிபிசி ஒருபோதும் பட்டியல் போட்டதில்லை. தொலைக்காட்சித் தொடர், 1996 டிவி படம், கிளைத் தொடர்கள், நாவல்கள், 1999 முதல் வரும் ஒலி நாடகங்கள், காமிக்ஸ் என்று ஒரு கடல். 'தொலைக்காட்சியில் வந்தது மட்டும்' என்று வைத்துக்கொண்டால் வாதம் ஒரு மணி நேரத்தில் முடியும். ஒலி நாடகமும் உண்டு என்றால் பப் மூடுகிற வரைக்கும் போகும். எதிராளி எந்தக் கட்சி என்று தெரியாமல் ஆரம்பித்தால், நீங்கள் முட்டுச் சந்தில் நிறுத்தியதாக நினைக்கும்போது அவர் ஒரு நாவலை எடுத்து நீட்டுவார்.

5. செலவும் நேரமும்

பிரிட்டனில் இருந்தால் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயர் போதும். 2023 நவம்பரில் பழையதும் புதியதுமாக 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை அதில் ஏற்றினார்கள். உரிமைச் சிக்கலால் முதல் கதை மட்டும் அப்போது வரவில்லை. அது இலவசம் என்று நினைத்து ஏமாறாதீர்கள், டிவி லைசென்ஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் ஆனது. வீட்டில் ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தால் தனிச் செலவு இல்லை. டிவிடி வேண்டும் என்றால் புதிதாக வாங்காதீர்கள், நான் பழையதாக வாங்கியவை கதைக்கு ஐந்தாறு பவுண்டுதான் ஆனது. நாவல்கள் சாரிட்டி கடைகளில் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும், நல்ல அட்டையோடு இருந்தால் கடைக்காரருக்கே விலை தெரிந்திருக்கும்.

'முதலில் எல்லாவற்றையும் பார், அப்புறம் பேசு' என்று யாராவது சொன்னால் மதிக்க வேண்டாம். 1963 முதல் 1989 வரை மட்டுமே ஏறக்குறைய 700 பகுதிகள், பகுதிக்கு 25 நிமிடம் என்றால் முந்நூறு மணி நேரத்தை ஒட்டி வரும். தினம் ஒரு மணி நேரம் பார்த்தாலும் பத்து மாதம். நீங்கள் எந்தச் சண்டைக்குப் போகிறீர்களோ அதற்கு வேண்டிய கதைகளை மட்டும் பாருங்கள். அடுத்த தலைப்பில் சொல்லப்போகும் பதின்மூன்று உயிர் விவகாரத்துக்கு மூன்று கதை, நாலு மணி நேரம். அங்கேயே வரும் யூனிட் தேதிச் சண்டைக்கு நாலு கதை, 22 பகுதி, ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு சனிக்கிழமை.

6. பழைய சண்டைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் புதியவர்கள் 'யாருமே கவனிக்காத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன்' என்று கொண்டுவருவது கிட்டத்தட்ட எல்லாமே இந்த நாலில் ஒன்றுதான்.

யூனிட் தேதிகள். பிரிகேடியர் லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட்டும் அவருடைய ராணுவப் பிரிவான யூனிட்டும் வரும் கதைகள் எந்த வருடத்தில் நடக்கின்றன? 1968இல் வந்த 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில், 1935இல் திபெத்தில் நடந்ததை நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்கிறார் பேராசிரியர் டிராவர்ஸ். அப்படியென்றால் 1975க்குக் குறையாது. அடுத்த கதையில் அதிலிருந்து நாலு வருடம் ஓடிவிட்டது என்கிறார் பிரிகேடியர். 1979. 1975இல் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் டாக்டரோடு பயணிக்கும் சாரா ஜேன், தான் 1980இலிருந்து வந்தவள் என்கிறாள். சரி, ஒத்துப்போகிறது. அப்புறம் 1983இல் 'மாட்ரின் அன்டெட்' வருகிறது. அதில் பிரிகேடியர் 1976இலேயே ஓய்வுபெற்று, 1977இல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! அந்த ஒரு கதை மொத்த அட்டவணையையும் கவிழ்த்துவிட்டது. இதற்குத் தீர்வு கிடையாது. 2008இல் டாக்டரே, யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தடுமாறுகிற மாதிரி ஒரு வசனம் வைத்துக் கண்ணடித்தார்கள். நீங்களும் கண்ணடித்துவிட்டுக் கடந்துவிடுங்கள்.

பதின்மூன்று உயிர். டாக்டர் சாகிற நேரத்தில் கூடுவிட்டுக் கூடு பாய்வதுபோல உடம்பு மாறுகிறாரே, அந்த ரீஜெனரேஷன் பன்னிரண்டு முறைதான் (ஆக மொத்தம் பதின்மூன்று உடம்பு) என்று 1976 இறுதியில் 'தி டெட்லி அசாசின்' சொன்னது. அதே வருடம் ஜனவரியில் எட்டுப் பழைய முகங்களைக் காட்டியிருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? கூட்டிப் பாருங்கள். எட்டும் நாலும் பன்னிரண்டு. அப்படியானால் ஐந்தாவது டாக்டரோடு கதை முடிந்திருக்க வேண்டும். பத்து மாத இடைவெளியில் வந்த இரண்டு கதைகள் இப்படி முட்டிக்கொண்டன. 2013 கிறிஸ்துமஸ் கதையில் டாக்டரின் இனத்தாரான டைம் லார்டுகள் அவருக்குப் புதிதாக ஒரு சுற்று கொடுத்தார்கள். அது ஏமாற்று வேலை என்று கத்தப் போகிறவர்கள் முதலில் 1983இன் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' பார்த்துவிட்டு வாருங்கள், அதில் இதே டைம் லார்டுகள் இதே சலுகையை டாக்டரின் எதிரியான மாஸ்டருக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். முப்பது வருடம் முன்பே கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அட்லாண்டிஸ். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் இந்தப் புராண நகரம் தொடரில் மூன்று முறை அழிந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் 1967 கதையில் காட்டப்படுவது கடலடியில் மிச்சமிருந்த நகரம், அதைப் பழங்கால அழிவோடு சேர்த்து வைப்பதில் சிக்கல் இல்லை. முட்டுவது மற்ற இரண்டுதான்: 1971இல் அசால் என்ற பிசாசு, தோற்றுப்போன சோதனைகளை அழிப்பது தன் இனத்தின் வழக்கம் என்று அட்லாண்டிஸைச் சொல்கிறது. 1972இல் குரோனோஸ் என்ற உயிரி வந்து அதை அழிப்பதை நாமே பார்க்கிறோம். வேடிக்கை என்னவென்றால் இரண்டு கதையையும் எழுதியதில் ராபர்ட் ஸ்லோமனுக்குப் பங்கு உண்டு. மூன்று என்று சொல்கிறவர்களைத் திருத்துவதற்கு இது உதவும், எனக்கு ஒருமுறை உதவியது.

இரண்டாம் டாக்டரின் நினைவு. 1969இல் 'தி வார் கேம்ஸ்' முடிவில் டாக்டரின் பயணத் தோழர்களான ஜேமி, ஸோயி இருவரின் நினைவையும் டைம் லார்டுகள் அழித்துவிட்டு டாக்டருக்குத் தண்டனை தருகிறார்கள். 1983இன் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' கதையில் அதே இரண்டாம் டாக்டர் அந்த இருவரின் மாய உருவங்களைப் பார்த்து, உங்கள் நினைவை அழித்துவிட்டார்களே என்று சொல்லி மடக்குகிறார். தண்டனைக்கு முன்னாலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? 1969 கதையை இணைந்து எழுதிய டெரன்ஸ் டிக்ஸேதான் 1983 கதையையும் எழுதினார். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா, தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவில் டைம் லார்டுகள் அவரைத் தங்கள் வேலைகளுக்கு அனுப்பினார்கள் என்று ஒரு முழு சீசனையே கற்பனையில் செருகி 'சீசன் 6பி' என்று பெயர் வைத்தார்கள். 2005இல் டிக்ஸ் அதையே வைத்து ஒரு நாவல் எழுதிவிட்டார். ஒட்டுப்போட்டவர்கள் ஜெயித்த சந்தர்ப்பம் இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

7. சொல்கிற முறை

ஒரு கூட்டத்துக்கு ஒரு ஓட்டை. பட்டியலோடு போனால் எதிராளி உங்கள் பட்டியலில் இருப்பதிலேயே சொத்தையானதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். மூன்று வாக்கியம் போதும்: கதை இங்கே இப்படி ஒரு விதியைச் சொன்னது, இங்கே இப்படி மீறியது, இதுவரை சொல்லப்பட்ட ஒட்டு இது, அது எனக்கு ஏன் போதவில்லை. சரி, நாலு வாக்கியம். ஒட்டையும் நீங்களே சொல்லிவிட வேண்டும், அதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் அதையே பதிலாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

பதிலாக வரும் இரண்டு சொற்களுக்குத் தயாராக இருங்கள். ஒன்று 'டைம் டிராவல்'. காலம் மாற்றி எழுதப்பட்டது என்று சொன்னால் எந்த ஓட்டையும் அடைபடும், ஆகவே 'எந்தக் கதையில், யார் மாற்றினார்கள்?' என்று கேளுங்கள். இன்னொன்று 'டாக்டர் பொய் சொல்வார்'. சொல்வார்தான், ஆனால் அந்த இடத்தில் பொய் சொல்ல அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் ஒத்துக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விடுங்கள். பந்தயம் மட்டும் வேண்டாம்.

பயிற்சிக்கு ஒன்று வேண்டுமானால் நான் 2012இலிருந்து வைத்திருப்பதைத் தருகிறேன். அதே மன்ஹாட்டன் கதையின் முடிவில் ஏமியும் அவள் கணவன் ரோரியும் பழைய நியூயார்க்கில் மாட்டிக்கொள்கிறார்கள், காலம் ஏற்கெனவே அங்கே குழம்பிக் கிடப்பதால் தன் காலப்பயண வண்டியான டார்டிஸ் இனி அங்கே இறங்க முடியாது என்கிறார் டாக்டர். சரி. பக்கத்து நியூ ஜெர்சியில் இறங்கி பஸ் பிடித்தால் என்ன? இன்னொரு காலப்பயணியான ரிவர் சாங் மட்டும் நெரிசலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுபோல் போய் வர முடிகிறதே, அவளிடம் ஒரு டிக்கெட் கொடுத்து அனுப்பக் கூடாதா? கல்லறையில் பெயர்களைப் படித்துவிட்டதால் அதை மாற்ற முடியாது என்பதுதான் வழக்கமான ஒட்டு. ஆனால் அந்தக் கல்லில் பெயரும் வயதும்தான் இருக்கின்றன, நடுவில் எத்தனை முறை ஊருக்குப் போய்விட்டு வந்தார்கள் என்று எந்தக் கல் சொல்கிறது? இதை அண்ணாவிடம் நான்கைந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியாகக் கேட்டபோது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "பஸ் எத்தனை மணிக்கு எண்டு டாக்டருக்குத் தெரியாதாக்கும், தம்பி."